பேர் வெட்டிய சாமான்

ஆத்தா,

இன்று வியாழக்கிழமை. நாளைய பூசைக்கு விளக்குத் தேய்க்கலாமென்று புளி ஊறவைத்தேன். ஊறிய புளியைக் கையில் பிசைந்ததும் எழுந்த வாடையில் நீ வந்து நின்றுவிட்டாய். விளக்கை முடித்துவிட்டுத் திருநீற்றுச் சம்புடத்தைக் கவிழ்த்துத் தேய்க்கும்போது, அடியில் வெட்டியிருக்கும் என் பேர் விரலில் தட்டியது. வள்ளியம்மை. உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்திய எழுத்து. பேர் வெட்டுகிற ஆள் நம் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தபோது, "தேச்சா போயிருமா ஆத்தா?" என்று கேட்டேன். "எத்தன வருசம் தேச்சாலும் போகாதுடி, அதுக்குத்தானே வெட்டுறது" என்றாய்.

போகவில்லை. உன்மேல் எனக்கு இருக்கிற கோபமும் போகவில்லை.

நீ போய் ஒரு வருசம் முடிந்துவிட்டது. அண்ணன் திதி கொடுத்தான், நான் இருந்து சமைத்தேன். உனக்குப் பிடித்த கருணைக்கிழங்கு மசியலை உன் பக்குவத்திலேயே வைத்து, இலை போட்டு, விழுந்து கும்பிட்டேன். கும்பிட்டதனால் கோபம் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. போனவர்களைப் பற்றி நல்லதைத்தான் பேச வேண்டும் என்பார்கள். ஊரில் கேட்கிறவர்களிடம் நல்லதைத்தான் பேசுகிறேன். கோபத்தை உன்னிடம் இல்லாமல் வேறு யாரிடம் கொண்டுபோய்ச் சொல்ல?

பாத்திரம் என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் உனக்குப் பிடிக்காது. ஒவ்வொன்றுக்கும் அதனதன் பேர் வேண்டும். கைப்பிடியும் மூடியும் இருந்தால் தூக்கு. கையகலத்தில் மூடி அழுந்த உட்கார்ந்தால் சம்புடம். வயிறு பெருத்து வாய் குறுகியிருந்தால் தவலை. ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்தால் அடுக்கு. ஒருநாள் தெரியாத்தனமாக, "அந்த டப்பாவை எடுக்கவா?" என்று கேட்டுவிட்டேன். "டப்பா கடையில இருக்கும்டி. வீட்டுல இருக்குறதுக்குப் பேரு இருக்கு" என்று முறைத்தாய்.

பேரோடு விட்டாயா? எதில் எதை வைக்கலாம், எதில் எதை வைக்கக்கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் வைத்திருந்தாய். உப்புக்குப் பீங்கான் ஜாடி. தகரத்தில் வைத்தால் உப்பு அதைத் தின்றுவிடும். பருப்புக்கு டின், அதற்குள் காய்ந்த மிளகாய் போட்டு வைத்தால் வண்டு அண்டாது. அரிசி டிரம்மில் வேப்பிலை. ஊறுகாய் ஜாடியின் வாயில் வெள்ளைத் துணிக் கட்டு, ஈரக்கை அந்தப் பக்கமே போகக்கூடாது. பித்தளைக்குள் மட்டும் புளியை வைத்துவிடாதே, களிம்பு ஏறிவிடும், விஷம் என்பாய். வெளியே தேய்க்கப் புளிதான் வேண்டும், உள்ளே இருக்கப் புளி ஆகவே ஆகாது. இதையெல்லாம் சொல்கிறபோது உன் குரல் கோயிலில் பதிகம் படிக்கிறவர்கள் குரல்போல இருக்கும். நானும் பக்தியாகக் கேட்டுக்கொள்வேன்.

என்னை எட்டாவதோடு நிறுத்தினாய். "சாமான் எல்லாம் சேத்தாச்சு, இனி எதுக்குப் பள்ளிக்கூடம்?" என்பதுதான் நீ சொன்ன காரணம். மீதியை நானே படித்துக்கொண்டேன். தேவாரப் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படித்தேன். பிற்பாடு என் மகள் உமையாள் பள்ளிக்கூடம் போனபோது, அவள் விளையாடப் போகிற நேரத்தில் அவளுடைய புத்தகங்களை எடுத்துவைத்துக்கொண்டு படித்தேன். கூட்டல் கழித்தலில் ஆரம்பித்து வீட்டுக் கணக்கு முழுவதும் அப்படிக் கற்றுக்கொண்டதுதான். நான் பேசுகிற தமிழ் உன்னுடையது. இந்த மடலை எழுதுகிற தமிழ் நானாகச் சம்பாதித்தது. அதில் உனக்குப் பங்கு கிடையாது.

என் கல்யாணத்துக்கு நீ சாமான் பரப்பியதை ஊர் இன்றைக்கும் பேசுகிறது. பட்டாலைக் கூடம் நிறைய வரிசை வரிசையாக வைத்தாய். அண்டா, தவலை, அடுக்கு, தூக்கு, கூஜா, ஜாடி என்று பெரிதிலிருந்து சிறிதாக. திருமயத்துப் பக்கத்து ஊர்களிலிருந்து வந்த பெண்கள் வரிசை தப்பாமல் பார்த்துக்கொண்டே போனார்கள். பெரிய வீட்டு ஆச்சி ஒருவர், "ஏத்தா, சாமானுக்கு நடுவுல பொண்ணைக் காணோமே, எந்த அடுக்குக்குள்ள வச்சிருக்கீக?" என்று கேட்டார். கூடமே சிரித்தது. அதிகமாகச் சிரித்தது நீ. நானும் சிரித்தேன். அப்போது எனக்கு விவரம் தெரியாது.

அந்தச் சாமான் எல்லாம் இந்தத் திருக்கோகர்ணத்து வீட்டுக்கு வந்தது. என் மாமியார் அதைச் சாமான் அறைக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். என் பேர் வெட்டிய டிரம்மில் அரிசியைக் கொட்டினார். என் பேர் வெட்டிய டின்னில் பருப்பைக் கொட்டினார். காலையில் அறையைத் திறந்து அன்றைக்கு உள்ளதை அளந்து வெளியே வைத்துவிட்டு மறுபடியும் பூட்டிவிடுவார். ஆண்கள் சாப்பிட்டு, அவர் சாப்பிட்டு, அப்புறம் நான். பல நாள் எனக்கு வடிகஞ்சிதான் மிஞ்சும். "புதுசா வந்த பொண்ணு, கொறைச்சலாத் தின்னாத்தான் ஒடம்பு கட்டுச்செட்டா இருக்கும்" என்பார். அப்போது உமையாள் வயிற்றில் இருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் என் பேரில் அரிசி நிறைந்திருந்தது, இந்தப் பக்கம் நான் பசியோடு உட்கார்ந்திருந்தேன்.

ஒருநாள் மதியம் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மாமியாரிடம் போய், "சாவியைக் கொஞ்சம் குடுங்க, ஒருபிடி அரிசி எடுத்துக்கிறேன்" என்று கேட்டேன். உன் மாப்பிள்ளை அங்கேதான் நின்றிருந்தார். "எங்கம்மாகிட்டயே சாவி கேக்குற அளவுக்கு வந்துட்டியா?" என்று கன்னத்தில் அறைந்தார். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார், அவரைப் பெற்றவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர்கள்மேல் இருந்த கோபம் எப்படியோ தேய்ந்து போய்விட்டது. அவர்கள் எனக்கு யாரோ. நீ யாரோ இல்லையே.

மாற்றுப் புடவை ஒன்றைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். வாசலில் என்னைப் பார்த்ததும் நீ ஒன்றுமே கேட்கவில்லை. நேரே உள்ளே கூட்டிப்போய்ச் சோறு போட்டாய். நான் அள்ளித் தின்ற வேகத்தைப் பார்த்து உன் கண் கலங்கியது. அதை நான் மறக்கவில்லை ஆத்தா. உனக்குத் தெரியாமல் நடந்திருந்தால் இவ்வளவு கோபம் இருந்திருக்காது. உனக்குத் தெரிந்தது. கன்னத்தில் இருந்த தடிப்பும் தெரிந்தது, வயிறும் தெரிந்தது.

மறுநாள் நான் எழுந்தபோது அடுப்பில் எண்ணெய்ச் சட்டி காய்ந்துகொண்டிருந்தது. அதிரசம் ஒருபக்கம், தேன்குழல் ஒருபக்கம் ஆறிக்கொண்டிருந்தன. நீ அதையெல்லாம் பெரிய சதுர டின்னில் அடுக்க ஆரம்பித்தாய்.

"எதுக்கு ஆத்தா இம்புட்டுப் பலகாரம்?"

"வெறுங்கையோடயா போறது?"

"யாரு போறா? நான் போகலை."

நீ டின்னின் மூடியை அழுத்தி மூடினாய். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாய். "ஒலை வாயை மூடிப்புடலாம். ஊரு வாயை மூட எங்கிட்டுப் போயி மூடி வாங்குறது? ஒம் பேரு வெட்டுன சாமான் எங்க இருக்கோ, அங்கதான்டி நீ."

பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் உட்கார இடம் வாங்கிக் கொடுத்தாய். டின்னை என் மடியில் வைத்தாய், வயிற்றுக்கு முட்டுக்கொடுத்தாற்போல. இந்த வீட்டு வாசலில் வந்து நின்று என் மாமியாரிடம், "பிள்ளைக்கு எங்க ஞாபகம் வந்துருச்சாம், ஒரு எட்டு வந்துச்சு. பலகாரம் கொண்டாந்திருக்கேன், எல்லாருக்கும் குடுங்க" என்று சிரித்தாய். அவரும் சிரித்தார். நீ அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டாய். டின் சாமான் அறைக்குள் போனது. கதவு பூட்டிக்கொண்டது. கதவிடுக்கு வழியே சில நாள் அதிரச வாசனை வந்தது. அதில் ஒரு விள்ளல்கூட என் வாய்க்கு வரவில்லை என்பதை உன்னிடம் நான் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்.

உனக்குக் காரணம் இருந்தது என்று எனக்குத் தெரியும். எனக்குப் பின்னால் கரையேற வேண்டிய தங்கைகள் இருந்தார்கள். அப்பா வியாபாரத்துக்கென்று போன ஊரிலேயே கிடந்தார். நீ ஒற்றை ஆளாக நின்று வீட்டைக் கட்டிக் காத்தாய். எல்லாம் சரி. காரணம் இருந்துவிட்டால் பசி அடங்கிவிடுமா? உமையாள் பிறப்பதற்கு முன்பே ஒருமுறை அடி வாங்கிய வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டாள், அதுவும் பலகாரத்தோடு. அந்தக் கணக்கு என் மனதில் நேராகவே இல்லை.

மாமியார் காலத்துக்குப் பிறகு சாவி என் கைக்கு வந்தது. நான் அந்த அறைக்குப் பூட்டே போடவில்லை. உமையாள் கல்யாணத்துக்கு நீ தடியை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தாய். என் சாமானையே துலக்கிப் புதுசுபோல ஆக்கி அவளுக்குக் கொடுத்துவிடலாம் என்று நீதான் முடிவெடுத்தாய். பேர் வெட்ட வந்தவர், "பழைய பேரு இருக்கேங்க, என்ன செய்ய?" என்று கேட்டார். "அது கெடக்கட்டும், அதுக்கு மேல வெட்டுங்க" என்றாய். என் பேருக்குத் தலைமேல் அவள் பேர் ஏறியது. திருநீற்றுச் சம்புடம் ஒன்றை மட்டும் எனக்கென்று வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் ஏற்றிக் கறம்பக்குடிக்கு, அவள் புகுந்த வீட்டுக்கு அனுப்பினோம்.

உன் கடைசிக் காலத்தில் உன் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு உதட்டை அசைத்தாய். இத்தனை வருசம் காத்திருந்த ஒரு சொல் வரப்போகிறது என்று குனிந்தேன். "அன்னைக்கு ஒன்னயத் திருப்பிக் கொண்டுபோயி விட்டது தப்புத்தான்" என்று சொல்வாய் என்று நினைத்தேன். நீ கேட்டது, "சாமானெல்லாம் பத்திரமா இருக்கா?" "இருக்கு ஆத்தா" என்றேன். கண்ணை மூடிக்கொண்டாய். எனக்கு அழுகை வரவில்லை. பார்த்தவர்கள் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்றார்கள்.

இப்போது, போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன்.

கல்யாணமானதிலிருந்து உமையாள் மதியம் சாப்பாட்டுக் கடை முடிந்ததும் எனக்குப் போன் செய்வாள். பக்கத்திலேயே அவள் மாமியார் உட்கார்ந்திருப்பார் என்பதால் சொந்தச் சேதி எதுவும் பேச முடியாது. சாமான் பேச்சுத்தான். "டிரம்முல புது அரிசி கொட்டியாச்சும்மா." "மல்லி வாங்கிப் பெரிய டின்னுல போட்டுருக்காக." அந்த வீட்டுச் சாமான் அறைக்குள் நான் கால் வைத்ததில்லை. ஆனாலும் எதில் எது, எந்த மட்டத்தில் இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். புதன்கிழமை அவள் நேரத்துக்குப் போன் வரவில்லை. சாயங்காலம் வேறு நம்பரிலிருந்து வந்தது. அக்கம்பக்கத்தில் யாரிடமோ வாங்கிப் பேசினாள்.

"அம்மா, நான் வந்துரவா?"

அவள் புருசன் அடிப்பான் என்று அரசல்புரசலாகத் தெரியும். கேட்டபோதெல்லாம், "அதெல்லாம் இல்லம்மா" என்று மழுப்புவாள். இப்போது புருவம் கிழிந்து வீங்கியிருக்கிறது என்றாள். அதைவிட, அவள் "வாரேன்" என்று சொல்லாமல் "வந்துரவா" என்று கேட்டாளே, அதில்தான் என் ரத்தம் கொதித்தது. பெற்ற வீட்டுக்கு வருவதற்கு ஒரு பெண் உத்தரவு கேட்க வேண்டியிருக்கிறது. அந்தக் கேள்வியை அவள் வாயில் வைத்தது யார் என்று எனக்குத் தெரியும்.

தாய்மாமன் முன்னால் நிற்க வேண்டிய காரியம் என்று அண்ணனைக் கூப்பிட்டேன். போனில் முழுவதையும் கேட்டுவிட்டு, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லு. நான் மாப்பிள்ளைகிட்டப் பக்குவமாப் பேசுறேன்" என்றான்.

"நாளைக்கழிச்சு நான் போயிக் கூட்டியாரப் போறேண்ணே. நீ வாரியா, இல்லையா?"

"அறிவுகெட்டுப் பேசாத வள்ளி. ஆத்தா என்ன சொல்லும்? பேரு வெட்டுன சாமான் எங்க இருக்கோ அங்கதான் பொண்ணுன்னு சொல்லும்ல?"

நீ செத்தும் அந்த வாக்கியம் சாகவில்லை ஆத்தா. அண்ணன் வாயில் குடியேறி உட்கார்ந்திருக்கிறது. அவனிடம் சொன்னேன். "சரிண்ணே. ஆத்தா சொன்னபடியே செய்வோம். சாமானையும் சேத்தே கொண்டாந்துர்றேன்."

வெள்ளிக்கிழமை காலையில் கோகர்ணத்துக் கோயிலில் அம்மனைக் கும்பிட்டு, குங்குமத்தை முந்தானையில் முடிந்துகொண்டேன். வீட்டில் மடித்து வைத்திருந்த வெறுஞ்சாக்குகளையும் கட்டுவதற்குச் சணலையும் எடுத்துக்கொண்டேன். முனையில் நிற்கும் குட்டியானை லோடு வண்டியைப் பேசினேன். டிரைவருக்கு என் வயதுதான் இருக்கும்.

"சாமான் ஏத்தவாக்கா, எறக்கவா?"

"ஏத்தணும். கறம்பக்குடியில. மகவீட்டுச் சாமான்."

அவர் ஆலங்குடி தாண்டுகிற வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தார். பிறகு, "கோவிச்சுக்காதீங்க. பொண்ணு வீட்டுலேருந்து மாப்பிள்ள வீட்டுக்குத்தான் நம்ம வண்டி சீர்ச்சாமான் கொண்டுபோயிருக்கு. அங்கிட்டிருந்து திரும்பி வாரது இதுதான் மொத தடவை" என்றார். "ரிட்டன் லோடுன்னா வாடகையக் கொறைச்சுல்ல வாங்கணும்" என்று அவராகவே சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்று காலையிலிருந்து கல்லாக இருந்த நெஞ்சு கொஞ்சம் இளகியது அப்போதுதான்.

உமையாள் வாசலில் நின்றிருந்தாள். இடது புருவம் ஊதிக் கண் பாதி மூடியிருந்தது. வண்டியைப் பார்த்தாள், சாக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சம்பந்தியம்மா உள்ளேயிருந்து வந்தார்.

"வாங்க, சொல்லாமக்கொள்ளாம... என்ன வண்டியெல்லாம்?"

"உமையாளைக் கூட்டிட்டுப் போறேங்க. சாமானையும்."

"புருசன் பொண்டாட்டின்னா ஒண்ணு ரெண்டு இருக்கத்தான் செய்யும். சாமானை எடுத்தா ஒறவு முறிஞ்சுபோச்சுன்னுல்ல அர்த்தம்?"

"ஆமாங்க. அதுக்குத்தான் வண்டி கொண்டாந்தேன்."

"வெள்ளிக்கிழமை அதுவுமா வீட்டுச் சாமானை வெளிய எடுக்குறீகளே, நீங்கள்லாம் சாமி கும்புடுறவுகதானா?"

"கும்புட்டுட்டுத்தான் வந்தேன். நான் கும்புடுற சாமி, அடி வாங்கிக்கிட்டே இருன்னு யார்கிட்டயும் சொல்லலீங்க."

அவர் சாமான் அறை வாசலில் குறுக்கே நின்றுகொண்டார். "சாமான் ஒங்களுதுதான், இல்லைங்கல. உள்ள இருக்குறது எங்க அரிசி, எங்க பருப்பு. அதை எப்படி எடுப்பீக?"

"அதை எடுக்க மாட்டேங்க. அதுக்குத்தான் சாக்கு" என்று சாக்கைப் பிரித்தேன்.

அவர் விலகினார். அந்த வீட்டு அரிசி ஒரு மணிகூட நம் டிரம்மில் ஒட்டிவரக் கூடாது என்று எனக்கு ஒரு வெறி. அரிசியைச் சாக்கில் கொட்டி, டிரம்மைக் கவிழ்த்துத் தட்டி, சாக்கின் வாயைச் சணலால் கட்டிச் சுவரோரம் நிறுத்தினேன். பருப்பு ஒரு பையில், மல்லி ஒரு பையில். மிளகாயைக் கொட்டும்போது எல்லாரும் தும்மினோம், சம்பந்தியம்மாவும் சேர்ந்து தும்மினார். ஒவ்வொன்றையும் அவர் கண்ணுக்கு நேரே கட்டி வைத்தேன்.

பெரிய பித்தளைத் தூக்கை எடுத்து மூடியைத் திறந்தேன். உள்ளே புளி. பித்தளைக்குள்ளே, ஆத்தா. மழைக்கு முந்தி வாங்கிப் போட்டதாம், உமையாள் இதை மட்டும் போனில் சொன்னதில்லை. அள்ளியெடுத்தால் அடியிலும் பக்கத்திலும் பச்சைப் பசேலென்று களிம்பு பூத்திருந்தது. அவள் பேரும் என் பேரும் வெளியே மின்னிக்கொண்டிருந்தன. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நீ அங்கே இருந்திருந்தால் பதறியிருப்பாய். "அய்யோ, பித்தளையில போயிப் புளிய வச்சிருக்காகளே, பாத்திரம் கெட்டுப்போகுமே" என்று அந்த இடத்திலேயே கத்தியிருப்பாய். தூக்குக்கு எது ஆகும், எது ஆகாது என்று அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தவள் நீ. எனக்கு எது ஆகாது என்று மட்டும் எப்படித் தெரியாமல் போயிற்று? தெரிந்துதானே டின்னை மடியில் வைத்து அனுப்பினாய்? ஒரு பாத்திரத்துக்குப் பார்த்த நியாயத்தை என் விசயத்தில் நீ ஏன் பார்க்கவில்லை? அந்தத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டுதான் நான் அழுதேன். உன் சாவுக்கு வராத அழுகை அங்கே வந்தது. துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

யாரோ சொல்லிவிட்டிருக்க வேண்டும், மாப்பிள்ளை கடையிலிருந்து பைக்கில் வந்து இறங்கினான். "என்னங்கத்தை இது? தெருவுல எங்க மானத்தை வாங்குறீக?" என்று குரலை உயர்த்தினான். நான் எழுந்திருப்பதற்குள் உமையாள் உள்ளே வந்தாள். நான் வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவள், காலியான அரிசி டிரம்மின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அந்தப் பக்கம் புடிங்க" என்றாள். பிடித்தேன். இரண்டு பேருமாக டிரம்மை அவனுக்கு முன்னால்தான் தூக்கிக்கொண்டு போனோம். வழியை விட்டுத்தான் நின்றான். தெருவே பார்த்தது. டிரைவர் வண்டியின் பின்கதவைத் தட்டி, "மெதுவாக்கா, ஒடுங்கிரப் போகுது" என்றார்.

கடைசியில் உப்பு ஜாடி மட்டும் மிஞ்சியது. "அது?" என்றார் சம்பந்தியம்மா. "வெள்ளிக்கிழமை, உப்பை நான் கொட்ட மாட்டேங்க. பீங்கானுல பேரும் வெட்டலை. நீங்களே வச்சுக்குங்க" என்றேன். அந்த வீட்டோடு எனக்கு இருந்த கடைசிப் பேச்சு அதுதான்.

திரும்பி வந்தபோது அண்ணன் என் வீட்டு கேட்டில் ஸ்கூட்டரைச் சாய்த்து நின்றிருந்தான். சாமான் ஒவ்வொன்றாக இறங்குவதைப் பார்த்தபடி, "ஆத்தா இருந்திருந்தா இப்படி நடந்திருக்குமா?" என்றான்.

"இருந்திருந்தா இந்நேரம் அதிரசத்துக்குப் பாகு காச்சிக்கிட்டு இருக்கும்ணே."

அவன் முகம் சுருங்கிவிட்டது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை வந்தான். காப்பி குடித்தான். உமையாளின் புருவத்தைப் பார்த்தான். எழுந்து போகும்போது, "வக்கீல் யாரையாச்சும் பாக்கணும்னா சொல்லு" என்றான். அவ்வளவு தூரம் அவன் வந்ததே பெரிது. அதற்கு மேல் அவனிடம் நான் எதிர்பார்க்கவில்லை.

ஒன்று மட்டும் இதுவரை எழுதவில்லை. அன்று நான் உன் வீட்டில் சோற்றை அள்ளித் தின்றுகொண்டிருந்தபோது, எதிர்வீட்டுக்காரம்மா வாசலில் வந்து நின்று, "மக வந்திருக்கு போல. எத்தன நாளைக்கு?" என்று கேட்டது உள்ளே வரை கேட்டது. நம் பக்கம் யார் வீட்டுக்குப் பெண் வந்தாலும் முதலில் கேட்கிற கேள்வி. நீ யோசிக்கக்கூட இல்லை. "காலையிலயே போயிரும்" என்றாய். என்னிடம் சொல்வதற்கு முன்பே நீ ஊரிடம் சொல்லிவிட்டாய். பலகாரம், பஸ், பேர் வெட்டிய சாமான் எல்லாம் அதற்குப் பிறகு வந்ததுதான். நான் இத்தனை வருசமாகச் சுமப்பது அந்த இரண்டு வார்த்தையை. உனக்கு ஏற்றுகிற விளக்கின் முன்னாலும் அது என்னோடுதான் நிற்கிறது. உன்னை மன்னிக்கிற மனசைக் கொடு என்று அம்மனிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் கொடுக்கவில்லை. கொடுக்கிறபோது கொடுக்கட்டும்.

திங்கட்கிழமை காலையில் உமையாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் தோசைக் கல்லுக்கு முன்னால் நின்றிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாத மனுசி.

"உமையா வந்திருக்குதாமே. எத்தன நாளைக்கு?"

உமையாளின் கை தட்டில் அப்படியே நின்றது. தலை நிமிரவில்லை.

"நாள் கணக்கெல்லாம் இல்லக்கா. அவ வீட்டுக்கு வந்திருக்கா" என்றேன், ஜன்னல் வரைக்கும் இல்லை, தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி.

அந்த அக்கா, "அதுவுஞ் சரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். கல்லில் எண்ணெய் மட்டும் பொரிந்துகொண்டிருந்தது. பிறகு எனக்குப் பின்னாலிருந்து உமையாள் சொன்னாள்:

"அம்மா, இன்னொரு தோசை."